எண்ணம் வருவது வேறு, இடங்கொடுப்பது வேறு: எதிர்மறை எண்ணங்களைக் கிறிஸ்தவ விசுவாசம் எப்படிக் கையாள்கிறது?

‘நெகட்டிவா யோசிக்காதீங்க, விசுவாசமா இருங்க.’ மனம் சோர்ந்து வரும் ஒருவருக்குச் சபையில் முதலில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இதுதான். சொல்பவரின் அக்கறையில் குறையில்லை. ஆனால் கேட்டவர் வீடு திரும்பும்போது அவர் தலையில் இரண்டு பாரம் இருக்கிறது. பழைய எண்ணம் அப்படியே இருக்க, ‘எனக்கு விசுவாசம் போதவில்லை போலிருக்கிறது’ என்ற புது எண்ணமும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டாவது பாரம் தேவையே இல்லாதது. வேதாகமம் அதை யார்மேலும் ஏற்றவில்லை. முதலாவதை என்ன செய்வது என்பதற்கு அதில் தெளிவான வழி உண்டு. அந்த வழியைப் புதிதாகக் கற்பவருக்கு ஏற்ற அளவில் பார்ப்போம். கிரேக்க, எபிரெய இலக்கண ஆராய்ச்சிக்குள் போகப்போவதில்லை. அவசியமான ஓரிரு சொற்களை மட்டும் தொட்டுக்கொள்வோம்.

நடந்தது ஒன்று, மனம் சொல்வது ஒன்று

நண்பருக்கு ஒரு செய்தி அனுப்புகிறீர்கள். அவர் பார்த்துவிட்டதாகத் திரை காட்டுகிறது, பதில் மட்டும் வரவில்லை. ஒரு மணி நேரம் போகிறது. ‘என்மேல் கோபமாக இருக்கிறார்’ என்கிறது மனம். அடுத்த நொடி வயிற்றைப் பிசைகிறது. நடந்தது என்ன? பதில் வரவில்லை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மனம் சேர்த்துக்கொண்டது.

நிகழ்வுக்கும் உணர்வுக்கும் நடுவே இப்படி ஒரு வரி ஓடுகிறது. மின்னல் வேகத்தில் ஓடுவதால் அது கண்ணில் படுவதில்லை. வயிற்றைப் பிசைவது மட்டும்தான் தெரிகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் இந்த வரிக்கு ‘தானியங்கி எண்ணம்’ என்று பெயர் வைத்தார். நாம் யோசித்து உருவாக்காமலே தானாக வந்து விழும் விளக்கம் என்று பொருள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் முன்னோர் சொன்னதும் இதையேதான்.

இந்தக் கட்டுரையில் ‘எதிர்மறை எண்ணம்’ என்று சொல்வது, உண்மையைச் சுருக்கியோ திரித்தோ காட்டி நம்பிக்கையைப் பறிக்கும் விளக்கத்தை மட்டுமே. அதை அடையாளம் காண ஓர் எளிய வழி இருக்கிறது. ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘எல்லாரும்’, ‘ஒருவருமே இல்லை’, ‘எல்லாம் முடிந்தது’ ஆகிய சொற்களில் ஒன்று அதற்குள் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

எது எதிர்மறை எண்ணம் இல்லை என்பதும் முக்கியம். அன்புக்குரியவரை இழந்தவரின் துக்கம் எதிர்மறை எண்ணம் அல்ல. லாசருவின் கல்லறை அருகே இயேசுவும் கண்ணீர் விட்டார். ‘இந்த மாதம் வரவைவிடச் செலவு அதிகம்’ என்பது கணக்கு. ‘நான் அவரிடம் பொய் சொன்னேன்’ என்பது மனசாட்சி. இவற்றையெல்லாம் ‘நெகட்டிவ்’ என்று ஒரே கூடையில் போட்டு ஒதுக்கியதால்தான் பாதிக் குழப்பம் வந்தது.

எண்ணம் வந்தாலே பாவமா?

இல்லை. இதை நீட்டி விளக்க வேண்டியிருப்பதே வருத்தம்தான், ஆனாலும் விளக்கித்தான் ஆகவேண்டும்.

வாசல் மணி அடிப்பது யார் என்பது நம் கையில் இல்லை. கதவைத் திறந்து உள்ளே அழைத்து உட்காரவைப்பதுதான் நம் கையில் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து கி.பி. 399இல் இறந்த எவாக்ரியஸ் என்ற துறவி மனிதரைத் தொல்லைப்படுத்தும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்தார். துயரமும் சலிப்பும் அந்தப் பட்டியலில் தனித்தனி இடம் பெற்றவை. இந்த எண்ணங்கள் நம்மைத் தொந்தரவு செய்வதும் செய்யாததும் நம் வசத்தில் இல்லை, அவை உள்ளே தங்குவதும் தங்காததும் நம் வசத்தில் உண்டு என்பது அவர் கண்டுகொண்டது. பின்வந்த துறவிகள் இதை இன்னும் நுணுக்கினார்கள். முதலில் எண்ணம் வருகிறது. பிறகு நாம் அதோடு பேச்சுக் கொடுக்கிறோம். கடைசியில் அதற்குச் சம்மதிக்கிறோம். முதல் படியில் பொறுப்பு இல்லை. இரண்டாம் படியிலிருந்துதான் தொடங்குகிறது.

‘பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்’ என்று எபேசியர் 4:27 சொல்வதைக் கவனியுங்கள். இடங்கொடுப்பது என்பது வருகைக்குப் பிறகு நடக்கும் செயல். இயேசுவும் ‘எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற’வர் என்கிறது எபிரெயர் 4:15. கெத்செமனே தோட்டத்தில் அவர், ‘என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது’ என்று சீஷர்களிடமே வாய்விட்டுச் சொன்னார்.

பவுல் விஷயத்தில் இன்னும் ஒரு சுவை இருக்கிறது. ‘ஒன்றுக்குங் கவலைப்படாமல்’ என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே பவுல், 2 கொரிந்தியர் 11:28இல், சபைகளைக் குறித்த கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது என்கிறார். மூலமொழியில் இரண்டு இடத்திலும் ஒரே வேரிலிருந்து வந்த சொல்தான். கவலையே வராத மனிதராக இருந்து அவர் அறிவுரை சொல்லவில்லை. கவலை தினமும் வர, அதைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் தெரிந்தவராக இருந்து சொன்னார்.

விரட்டினால் ஏன் போவதில்லை?

தண்ணீருக்குள் ஒரு பந்தை அமுக்கிப் பிடித்துப் பாருங்கள். கை சோர்ந்த நொடியில் அது முகத்தில் வந்து அடிக்கும். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. வெள்ளைக் கரடியை மட்டும் 5 நிமிடம் நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்று பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன்பின் ‘இப்போது நினைக்கலாம்’ என்றபோது, முதலில் அடக்கிவைத்தவர்களுக்கு அடக்காதவர்களைவிட அதிகமாகக் கரடி நினைவு வந்தது. காரணம் எளிது. ஒன்றை நினைக்கவில்லையே என்று சரிபார்க்க, மனம் அதைத் தேடிப் பார்த்தாக வேண்டும்.

மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறார். அசுத்த ஆவி வெளியேறுகிறது. வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வெறுமையாக இருக்கிறது. போனது தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. அந்த உவமை எண்ணங்களைக் குறித்துச் சொல்லப்பட்டதல்ல என்பது உண்மைதான். ஆனாலும் துரத்துவது மட்டும் போதாது, அந்த இடத்தில் வேறொன்று குடியேற வேண்டும் என்ற பாடம் இங்கேயும் பொருந்தும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எதிர்மறை எண்ணம் என்பது நிகழ்வின்மேல் மனம் தானாக ஒட்டும் தவறான விளக்கம். அது வருவது பாவமல்ல. அமுக்கினால் பலமாகத் திரும்பும். அதற்குப் பதில் சொல்லி, அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

நிரப்புவது எதனால்? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்

‘எல்லாம் நல்லபடியாக நடக்கும்’, ‘நான் ஜெயிக்கப் பிறந்தவன்’ என்று நூறு முறை சொல்வதைச் சிலர் விசுவாசம் என்று நினைக்கிறார்கள். மறுபக்கத்தில், கெட்டதை நினைத்துவிட்டால் அது நடந்தேவிடும் என்று பயந்து, நோயின் பெயரைக்கூட வாயில் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள்: எண்ணத்துக்கே நிஜத்தைப் படைக்கும் சக்தி இருக்கிறது என்ற நம்பிக்கை. கிறிஸ்தவ விசுவாசத்தில் படைக்கிறவர் தேவன் ஒருவரே. நம் எண்ணங்களுக்கு அந்த வேலை தரப்படவில்லை. பெரிய நிம்மதி அது.

இதற்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படும் வசனம் நீதிமொழிகள் 23:7: ‘அவன் இருதயத்தின் நினைவு எப்படியோ, அப்படியே அவனும் இருக்கிறான்.’ சுவரில் மாட்ட அழகான வரிதான். முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். அது ஒரு கருமியின் விருந்தைப் பற்றிய எச்சரிக்கை. ‘புசியும், பானம்பண்ணும்’ என்று வாயால் உபசரிப்பான், உள்ளுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பான், அவன் உண்மையான முகம் உள்ளே இருப்பதுதான் என்பதே பொருள். நினைப்பதெல்லாம் நடக்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எதைச் சிந்திக்க வேண்டும் என்று வேதாகமம் நேரடியாகப் பட்டியல் தரும் இடம் பிலிப்பியர் 4:8. உண்மை, ஒழுக்கம், நீதி, கற்பு, அன்பு, நற்கீர்த்தி, புண்ணியம், புகழ் என்று எட்டுச் சொற்கள். முதல் சொல்லைப் பாருங்கள். ‘இனிமையானது’ என்று தொடங்கவில்லை, ‘உண்மையுள்ளவைகளெவைகளோ’ என்று தொடங்குகிறது. பரிசோதனை முடிவு மோசமாக வந்திருந்தால், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பது இனிமையான பொய். ‘நோய் இருக்கிறது; சிகிச்சையும் இருக்கிறது; இதில் தேவன் என்னைத் தனியே விடமாட்டார்’ என்பது விசுவாசியின் முழு உண்மை. நல்ல பதிலுக்கு அளவுகோல் அதன் இனிப்பு அல்ல, அதன் முழுமை. எதிர்மறை எண்ணமும் பாதி உண்மைதான் பேசும். அதனால்தான் அது அவ்வளவு நம்பும்படியாக இருக்கிறது.

மனம் புதிதாவது என்றால் என்ன?

புல்வெளியில் தினமும் ஒரே இடத்தில் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுகிறது. விழுந்தபின் கால் தானாக அதில்தான் போகும். புதிய வழியில் நடக்கத் தொடங்கினால் முதலில் புல் காலைத் தடுக்கும். நாளாக ஆகப் புது வழி தேயும், பழைய வழியில் புல் மூடும். ஒரே நாளில் இரண்டும் நடப்பதில்லை.

ரோமர் 12:2, ‘உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்’ என்கிறது. மலைமேல் இயேசு ‘மறுரூபமானார்’ என்று மத்தேயு 17 சொல்லும் அதே வினைச்சொல்தான் கிரேக்கத்திலும் இங்கே இருக்கிறது. அந்தச் சொல்லின் வடிவம் இரண்டு செய்திகளைத் தருகிறது. ஒன்று, இது தொடர்ந்து நடக்கும் வேலை. மற்றொன்று, இது நமக்குள் தேவன் செய்யும் வேலை. நாம் அதற்கு ஒத்துக்கொடுக்கிறோம். பல்லைக் கடித்துக்கொண்டு தன்னைத்தானே மாற்றும் பயிற்சியாக இதை எடுத்துக்கொண்டவர்கள் சில வாரங்களில் களைத்துப்போவது இந்த இரண்டாவதை விட்டுவிடுவதால்தான்.

ஒத்துக்கொடுப்பதற்கு வேதம் தரும் கருவி தியானம். கண்ணை மூடி மனத்தை வெறுமையாக்குவது என்று இதை நினைக்க வேண்டாம். சங்கீதம் 1:2இல் ‘இரவும் பகலும் தியானமாயிருக்கிற’ என்ற இடத்தில் வரும் எபிரெயச் சொல் வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிக்கும். இரைமேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும், புலம்பும் புறாவுக்கும் ஏசாயா புத்தகம் அதே சொல்லைப் பயன்படுத்துகிறது. நம் பேச்சில் சொன்னால் அசைபோடுவது.

கவலையும் அசைபோடுவதுதான். சங்கீதம் 13இல் தாவீது, ‘எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்’ என்கிறார். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப உள்ளே சுற்றவிட்டு, முடிவுக்கு வராமலே களைத்துப்போகும் நிலை அது. தாடையின் வேலை இரண்டிலும் ஒன்றுதான். வாயில் இருக்கும் புல்தான் வேறு.

எலியாவின் ஒற்றை வரி

இந்த விஷயத்துக்கு வேதாகமத்தில் ஒரே ஓர் அதிகாரம் வாசிக்க நேரம் இருந்தால், 1 இராஜாக்கள் 19ஐ வாசியுங்கள். கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட தீர்க்கதரிசி எலியா, மறுநாளைக்குள் உன் உயிரை எடுப்பேன் என்ற ராணி யேசபேலின் மிரட்டலைக் கேட்டு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்கிறார்.

தேவன் என்ன செய்தார், எந்த வரிசையில் செய்தார் என்பதுதான் பாடம். முதலில் அவரைத் தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூக்கம். மறுபடியும் சாப்பாடு. ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்ற கரிசனையான சொல். அதுவரை ஒரு கண்டிப்பும் இல்லை, ஒரு பிரசங்கமும் இல்லை. 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்தபின்தான், ‘எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?’ என்ற கேள்வி வருகிறது.

எலியாவின் பதிலில் அந்தத் தானியங்கி எண்ணம் வெளியே வருகிறது: ‘நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்.’ பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோய், அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்டபின்பும், அதே கேள்விக்கு அதே வரியை மீண்டும் சொல்கிறார். அவ்வளவு ஆழமான ஒற்றையடிப் பாதை.

அந்த வரி உண்மையா? ஒரு அதிகாரம் பின்னால் போய்ப் பாருங்கள். நூறு தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதை அரண்மனை அதிகாரி ஒபதியா எலியாவிடமே சொல்லியிருந்தார் (18:13). தகவல் அவர் காதுக்கு வந்துவிட்டது. களைப்பில் அது கணக்கில் சேரவில்லை. மனச்சோர்வின் கணக்கு எப்போதும் இப்படித்தான், கழித்தலை மட்டும் ஒழுங்காகச் செய்யும்.

தேவன் தந்த திருத்தத்தில் ஓர் எண் இருக்கிறது: பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்காலை முடக்காத 7000 பேர். ‘நீ தைரியசாலி’ என்ற பாராட்டு அதில் இல்லை. கூடவே செய்யவேண்டிய வேலையும், எலிசா என்ற துணையும் கிடைத்தன. உறக்கம், உணவு, மனம்விட்டுப் பேச இடம், உண்மையான தகவல், செய்ய ஒரு வேலை, கூட ஓர் ஆள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, தூங்காமல் பசியோடு இருப்பவரிடம் முதலில் வசனத்தை நீட்டும்போதுதான் ஆலோசனை சுமையாக மாறுகிறது.

செய்துபார்க்கும் முறை

ஒரு நோட்டும் பேனாவும் போதும். நாளுக்கு 10 அல்லது 15 நிமிடம், கூடுமானவரை பகல் வெளிச்சத்தில். ஒரு நாளில் ஒரே ஓர் எண்ணத்தை மட்டும் எடுங்கள். பத்து எண்ணங்களோடு ஒரே நேரத்தில் மல்லுக்கட்டினால் பத்தும் ஜெயிக்கும்.

எண்ணத்தைத் தலைக்குள் இருக்கும் அதே சொற்களில் எழுதுங்கள், பக்தியாக மெருகேற்ற வேண்டாம். ‘சற்று வருத்தமாக இருந்தது’ என்று எழுதினால் பிடிபடாது. ‘இந்த வேலையும் கிடைக்கவில்லை. நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று எழுதினால் பிடிபட்டது. அதன் கீழே, கேமரா ஒன்று பதிவு செய்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதை மட்டும் எழுதுங்கள்: ஒரு நேர்காணல் நடந்தது, அவர்கள் வேறொருவரை எடுத்தார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் மனம் சேர்த்த பகுதி.

அடுத்தது பதில். இதற்குத்தான் கொஞ்சம் உழைக்க வேண்டும். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பதற்கு ‘நான் எல்லாவற்றிலும் சிறந்தவன்’ என்பது பதில் அல்ல. உங்கள் மனமே அதை நம்பாது. ‘இந்த வேலை கிடைக்கவில்லை, அது வலிக்கிறது. என் மதிப்பை இந்த அலுவலகம் தீர்மானிப்பதில்லை. நான் தேவனுடைய செய்கையாயிருக்கிறேன் என்று எபேசியர் 2:10 சொல்கிறது. இந்த வாரம் இன்னும் இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்புவேன்.’ வலியை ஒத்துக்கொள்ளும் ஒரு வரி, வேதம் சொல்லும் ஒரு வரி, அடுத்து செய்யப்போகும் ஒரு வரி. மூன்றில் எது குறைந்தாலும் பதில் நொண்டும்.

வசனத்தை எண்ணத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். வனாந்தரத்தில் இயேசு மூன்று சோதனைகளுக்கும் உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு வசனம், சோதனையின் நாடியைப் பிடித்த வசனம். பயத்துக்கு ஏற்ற வசனம் குற்றவுணர்வுக்கு உதவாது. ஒரு வாரத்துக்கு ஒரு வசனம் போதும். காலையில் வாய்விட்டு மெதுவாக வாசித்து, ஒவ்வொரு சொல்லிலும் ஒரு முறை நின்று, பகலில் இரண்டு மூன்று தடவை அசைபோடுங்கள். சோதிக்கிறவனும் சங்கீதம் 91ஐ மேற்கோள் காட்டினான் என்பதையும் மறக்க வேண்டாம். முன்பின் வாசிக்காமல் பிய்த்து எடுத்த வசனம் கையை வெட்டும்.

பிறகு ஜெபம். பிலிப்பியர் 4:6 ‘எல்லாவற்றையுங்குறித்து’ விண்ணப்பங்களைத் தெரியப்படுத்தச் சொல்கிறது. ‘ஆண்டவரே, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்’ என்று மொத்தமாக முடிக்காமல், பெயர் சொல்லிக் கேளுங்கள்: எந்த நாள், எந்த ஆள், எந்தத் தொகை. ‘ஸ்தோத்திரத்தோடே’ என்பதற்கு அன்று உண்மையில் நடந்த ஒன்றுக்கு நன்றி சொன்னால் போதும். அடுத்த வசனம் வாக்களிப்பது பிரச்சினை தீரும் என்றல்ல, தேவசமாதானம் இருதயத்தையும் சிந்தையையும் ‘காத்துக்கொள்ளும்’ என்று. மூலத்தில் அது கோட்டையைக் காவல்காக்கும் படைக்குரிய சொல். எதிரி இல்லாத ஊருக்குக் காவல் தேவையில்லையே.

முதல் சில நாட்களில் எண்ணங்கள் அதிகமானதுபோல் தோன்றும். கவனிக்கத் தொடங்கியதால் வரும் தோற்றம்தான் பெரும்பாலும். எத்தனை முறை வந்தது என்று எண்ணாதீர்கள், எவ்வளவு நேரம் தங்கியது என்று பாருங்கள். அரை நாள் ஆட்டிவைத்தது அரை மணி நேரத்தில் போனால் அதுவே முன்னேற்றம்.

நடு இரவில் விழிப்பு வந்தால் நோட்டை எடுக்க வேண்டாம். களைத்த மூளை வாதத்தில் தோற்கும். ஒரு துண்டுச் சீட்டில் விஷயத்தை மட்டும் குறித்து, ‘காலையில் பார்க்கிறேன்’ என்று தள்ளிவைத்துவிட்டு, சங்கீதம் 4:8 போன்ற ஒரு வரியோடு படுத்துக்கொள்ளுங்கள். இக்னேஷியஸ் லொயோலா (1491–1556) தந்த விதி ஒன்றும் இங்கே கைகொடுக்கும்: மனம் இருண்டிருக்கும் வேளையில், தெளிந்திருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. வேலையை விடுவதும் உறவை முறிப்பதும் அந்த இரவில் செய்யும் காரியங்கள் அல்ல.

குற்றவுணர்வு: இரண்டு குரல்கள்

செய்த தவறை நினைவூட்டும் எண்ணம் வந்தால் அதைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது. 2 கொரிந்தியர் 7:10 துக்கத்தில் இரண்டு வகை சொல்கிறது: தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம். முதலாவது ஒரு குறிப்பிட்ட செயலைச் சுட்டி, மன்னிப்புக் கேட்க, சரிசெய்ய வழி காட்டும். இரண்டாவது செயலை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்கும்: ‘நீ அப்படிப்பட்டவன்தான்.’ இயேசுவை மறுதலித்த பேதுரு மனங்கசந்து அழுது திரும்பி வந்தார். காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டு வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான். ஆனால் இயேசுவிடம் திரும்பவில்லை.

அறிக்கையிட்டு விட்டுவிட்ட பாவம் மறுபடியும் வழக்காக வந்தால், ரோமர் 8:1 ‘ஆக்கினைத்தீர்ப்பில்லை’ என்கிறது. தீர்ப்பு சொல்லி முடிந்த வழக்கை வழிப்போக்கர் யாரும் மறுவிசாரணைக்கு எடுக்க முடியாது. மனித உறவில் செய்யவேண்டிய ஈடு ஏதாவது பாக்கி இருந்தால் அதைச் செய்துவிடுவது தனி விஷயம்.

எங்கே பிசகுகிறது?

புலம்பலைத் தாண்டிக் குதிப்பது முதல் பிசகு. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். சங்கீதம் 13 ஆறே வசனம். ‘எதுவரைக்கும்’ என்று நான்கு தடவை கேட்டபின்தான் ‘உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்’ வருகிறது. சங்கீதம் 88இல் கடைசிவரை அந்தத் திருப்பம்கூட இல்லை, இருட்டிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் இடம் பெற்ற ஜெபம்தான். கேள்வியை விழுங்கிவிட்டு நேராக ஸ்தோத்திரத்துக்குப் போனவர்களுக்கு, விழுங்கியது உள்ளேயே கிடக்கும்.

ஒளித்துவைப்பது இன்னொன்று. நம்பகமான ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்ன எண்ணம் பாதி பலம் இழக்கும். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வதை இங்கேயும் பயன்படுத்தலாம். ஆனால் ‘நம்பகமான’ என்ற சொல்லை அடிக்கோடிடுகிறேன். நீங்கள் சொன்னதை அடுத்த வாரம் ஜெபக்குறிப்பாகப் பலருக்கும் வாசிப்பவர் அதற்குரியவர் அல்ல.

மூன்றாவது பிசகு அதிகம் பேசப்படாதது; அதனால் சற்று விரிவாக. சிலருக்குத் தேவதூஷணமான, அருவருப்பான எண்ணங்கள் விருப்பமே இல்லாமல் திரும்பத் திரும்ப வரும். அதை ரத்து செய்ய ஒரு வசனத்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சொல்வார்கள், மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்பார்கள், ‘மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனா?’ என்று ஒவ்வொருவரிடமும் உறுதி தேடுவார்கள். நிம்மதி சில நிமிடம்தான், பிறகு இன்னும் பலமாகத் திரும்பும். இதற்கு ‘எண்ணச் சுழற்சி நோய்’ என்று பெயர். ஓசிடி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே மேலே சொன்ன எழுதிப் பதில் சொல்லும் முறையே எதிராகத் திரும்பும். ஏனென்றால் பதில் சொல்வதே சடங்காகி நோய்க்குத் தீனி போடுகிறது. 17ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்துப் பிரசங்கி ஜான் பனியன், ‘கிறிஸ்துவை விற்றுவிடு’ என்று உள்ளே ஒலித்துக்கொண்டே இருந்த எண்ணத்தோடு நீண்ட காலம் போராடியதைத் தாமே எழுதியிருக்கிறார். இப்படிப்பட்டவர் எண்ணத்தோடு வாதம் செய்யாமல் அது கடந்துபோக விடப் பழக வேண்டும். அதைக் கற்றுத்தரப் பயிற்சி பெற்ற மனநல நிபுணர்கள் இருக்கிறார்கள்.

சுருக்கமாக: புலம்ப இடம் கொடுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள், வசனத்தை மந்திரமாக்காதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

நாளின் பெரும்பகுதி சோர்வாகவோ எதிலும் விருப்பமில்லாமலோ இருப்பது 2 வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கம், பசி, வேலை ஆகியவை பாதிக்கப்பட்டால், அது மருத்துவம் பார்க்கவேண்டிய மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 2 வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அவசர உதவியை நாடுங்கள். எலியாவுக்கு அந்த எண்ணம் வந்தது. அவரைத் தேவன் தள்ளிவிடவில்லை.

மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்பவர்கள் 1 தீமோத்தேயு 5:23ஐ வாசிக்கலாம். தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் பவுல் அக்காலத்து மருந்தைத்தான் பரிந்துரைத்தார். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த சார்லஸ் ஸ்பர்ஜன், 1856இல் தாம் பிரசங்கித்த அரங்கில் எழுந்த பீதியின் நெரிசலில் 7 பேர் இறந்தபின் நொறுங்கிப்போனார். வாழ்நாள் முழுதும் திரும்பத் திரும்ப வந்த மனச்சோர்வைப் பற்றிப் பிரசங்க மேடையிலேயே வெளிப்படையாகப் பேசினார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லத் துணிவதில்லை.

உங்களிடம் ஒருவர் வந்து சொன்னால்

முதலில் கேளுங்கள். தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று விசாரியுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வசனம் சொல்வதற்கு முன், அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திரும்பச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டோமா என்று பாருங்கள். சேர்ந்து ஜெபித்தால், அவர் சொன்ன விஷயத்தையே ஜெபியுங்கள். ஜெபத்தைச் சாக்காக வைத்து அவருக்குப் புத்தி சொல்லாதீர்கள். இரண்டு நாள் கழித்து நீங்களாகவே ஒரு முறை அழைத்து விசாரியுங்கள்.

யோபுவின் நண்பர்கள் மூவரும் வந்தபோது, ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்மேல் தேவன் கோபப்பட்டது, அந்த ஏழு நாளுக்குப் பிறகு அவர்கள் பேசியதற்காக.